மணிமுத்தாற்றின் கூடவே போவோம்: ஒரு காட்டாற்றையும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் புரிந்துகொள்ள சிறுவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மணிமுத்தாறு என்று ஒரு சின்ன ஆறு இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் பிறந்து, மலையிறங்கி, ஓர் அருவியாக விழுந்து, ஓர் அணையில் தங்கி, அதன் பிறகு ஆலடியூர் பக்கம் தாமிரபரணியோடு சேர்ந்துவிடும். அவ்வளவு சின்னப் பயணம்தான். ஆனால் ஓர் ஆறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆறு கிடைப்பது கஷ்டம். மலை, காடு, அருவி, அணை, வயல் எல்லாமே உங்கள் நோட்டில் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். பங்குனி, சித்திரையில் பல வாரங்கள் மழையே இருக்காது. அப்போதும் மேலே காட்டுக்குள் ஓடைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மழை இல்லாத நாளில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இப்போதே ஒரு பதிலை யோசித்து நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியாகப் போகும்போது அந்தப் பதில் மாறலாம். மாறினால் பழையதை அழிக்காமல் கீழே புதியதை எழுதுங்கள்.

தேவைப்படுபவை: கோடு போடாத நோட்டு, பென்சில், நீலம், பச்சை, சிவப்பு கலர் பென்சில்கள், அடிக்கோல், காலியான தண்ணீர் பாட்டில்கள் ஐந்து, நூல் கண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரின் செல்போன். ஓடைக்குப் போகிற நாளில் அந்தப் பெரியவரும் கண்டிப்பாக வேண்டும்.

முதல் படி: முகட்டைக் கண்டுபிடியுங்கள்

ஆற்றைத் தேடும்போது எல்லோரும் பள்ளத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் மேட்டைப் பாருங்கள்.

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் முகட்டு ஓடு வரிசையாக இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் விழுந்த துளி முன்வாசலில் சொட்டும், அந்தப் பக்கம் விழுந்த துளி கொல்லைப்புறத்தில் சொட்டும். இரண்டு துளிகளும் விழுந்த இடத்துக்கு நடுவே ஒரு சாண் தூரம்கூட இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மணிமுத்தாறு அணையிலிருந்து ஒரு மலைச்சாலை மேலே போகிறது. அருவியைத் தாண்டினால் மாஞ்சோலை, அப்புறம் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அதற்கும் அப்பால் மேல் கோதையாறு. அரிக்கொம்பன் யானையை 2023-இல் கொண்டுவந்து விட்டார்களே, அந்த மேல் கோதையாறு வனப்பகுதிதான். இந்தச் சாலையில் மேலே போய்க்கொண்டே இருந்தால், ஓரிடத்தில் நம் கண்ணுக்கே தெரியாமல் ஒரு பெரிய எல்லையைத் தாண்டிவிடுகிறோம். மணிமுத்தாறு பக்கம் விழுகிற மழை கிழக்கே இறங்கித் தாமிரபரணியில் சேரும். பிறகு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் கடந்து, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவுக்குப் போய்விடும். கோதையாறு பக்கம் விழுகிற மழையோ கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இறங்கி, பேச்சிப்பாறை அணைக்கு வந்து, கடைசியில் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேரும். ஒரே மேகத்திலிருந்து பக்கத்தில் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகள் இரண்டு வெவ்வேறு கடல்களுக்குப் போகின்றன. எனக்கு இதைவிட வியப்பான புவியியல் பாடம் கிடையாது.

இப்படி, எந்த இடங்களில் விழுகிற மழையெல்லாம் கடைசியில் ஓர் ஆற்றுக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதன் எல்லைக்கோடு முகட்டின் மேல் போகும். மாவட்ட எல்லை, தாலுகா எல்லை மாதிரி யாரும் வரைந்து வைத்த கோடு கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதுதான் எல்லை.

இரண்டாம் படி: வரைபடம் போடுங்கள்

பெரியவரின் செல்போனில் மேப்பைத் திறந்து, மலைகள் மேடுபள்ளமாகத் தெரியும் 'டெரைன்' காட்சிக்கு மாற்றுங்கள். மணிமுத்தாறு அணையைத் தேடுங்கள். நீலமாகப் பெரிய நீர்ப்பரப்பு தெரியும். அதிலிருந்து மேற்கே, தெற்கே மெல்ல நகர்த்தினால் நூல் போல நீலக் கோடுகள் மலைக்குள் போவதைப் பார்க்கலாம்.

நோட்டில் முதலில் அணையை வரையுங்கள். பக்கத்தின் வலது ஓரத்தில் வைத்தால் இடது பக்கம் மலையை வரைய இடம் கிடைக்கும். அப்புறம் பெரிய நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு எதிர்த்திசையில் போங்கள். ஒரு கிளை வந்து சேர்கிற இடத்தில் நின்று, அந்தக் கிளையையும் அது முடிகிற வரை வரையுங்கள். கிளைக்கும் கிளை இருக்கும். எல்லாக் கோடுகளும் முடிகிற நுனிகளுக்கு அப்பால், மேட்டின் மேல், சிவப்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்து அணையின் இரு கரைகளிலும் முடியுங்கள். அந்தச் சிவப்புக்கோட்டுக்குள் இருப்பதெல்லாம் மணிமுத்தாறு அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மேப் காட்டும் நீலக்கோடு நுனியில் ஆறு தொடங்கிவிடுவதில்லை. அதற்கும் மேலே கோடாகக் காட்ட முடியாத அளவுக்குச் சிறிய ஓடைகள் இருக்கும், அதற்கும் மேலே பாறை இடுக்கில் கசிவுகள், அதற்கும் மேலே வெறும் ஈர மண். எனவே சிவப்புக்கோட்டுக்கும் நீல நுனிகளுக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் முழுவதையும் பச்சையால் நிரப்புங்கள். இந்தப் பச்சைப் பகுதியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசப்போகிறோம்.

மேடுபள்ளம் மனதில் பிடிபடவில்லை என்றால் ஒரு தாளை நன்றாகக் கசக்கி, பாதி விரித்துத் தட்டில் வையுங்கள். மேடான மடிப்புகள் எல்லாவற்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, மேலிருந்து லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மை கரைந்து எந்தப் பள்ளத்தில் போய்த் தேங்குகிறது என்று பாருங்கள். அஞ்சு நிமிட வேலை.

மூன்றாம் படி: மழையை அளந்து பாருங்கள்

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் பெருக்கல்தான். ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் சதுர மீட்டர். அங்கே ஒரு சென்டிமீட்டர், அதாவது பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர்.

இப்போது ஓர் உண்மையான கணக்கு. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. மாஞ்சோலையில் சுமார் 55 சென்டிமீட்டர். மாஞ்சோலையில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் மலையை எடுத்துக்கொண்டால்கூட, அன்று அதன் மேல் விழுந்தது 55 கோடி லிட்டர். உங்கள் சிவப்புக்கோட்டுக்குள் அப்படி எத்தனையோ சதுர கிலோமீட்டர்கள் இருக்கின்றன.

வீட்டிலேயே மழைமானி செய்யலாம். பக்கம் நேராக இருக்கும் பாட்டிலை எடுத்து, கழுத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். அடிப்பகுதி கோணல்மாணலாக இருக்கும் என்பதால் சிறு கற்களைப் போட்டு, அவை மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டுச் சுழியம் என்று எழுதுங்கள். அங்கிருந்து மேலே அடிக்கோலால் மில்லிமீட்டர் குறியுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்குப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் நாளின் மழைக்கணக்கை முடிக்கிறது. உங்கள் எண்ணையும் அவர்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மழைமானி இல்லாமலே செய்யக்கூடிய இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நெல்லைப் பக்கத்து நாளிதழ்களில் அணை நிலவரம் என்று தினமும் வரும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. வைகாசிக் கடைசியில் தொடங்கி தை வரை, வாரம் ஒரு நாள் பாபநாசத்தின் நீர்மட்டத்தையும் மணிமுத்தாற்றின் நீர்மட்டத்தையும் குறித்து, இரண்டு நிறத்தில் வரைபடமாகப் போடுங்கள். பெரும்பாலான வருஷங்களில் பாபநாசம் ஆனி, ஆடியிலேயே விறுவிறுவென்று ஏறிவிடும். மணிமுத்தாறு அப்போது மெல்லத்தான் அசையும். அதற்குப் பெருந்தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும்.

இரண்டு அணைகளும் பக்கத்துப் பக்கத்து ஊர். பின் ஏன் இப்படி? தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்திலிருந்து வந்து முகட்டில் மோதி, மீதியைத்தான் இந்தப் பக்கம் வழியவிடும். அந்த வழிசல், பொதிகை முகட்டை ஒட்டிய பாபநாசம் அணையின் மேல்பகுதியில் தாராளமாக விழுகிறது. மணிமுத்தாறுப் பள்ளத்தாக்கோ வங்கக்கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழைக்கு மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் அந்த மாதங்களில் மாநிலத்தின் மழைப்பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. இந்த மலையடிவாரத்து விவசாயிகளுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். தென்மேற்கு மழைத் தண்ணீரில் கார் சாகுபடி, வடகிழக்கு மழைத் தண்ணீரில் பிசானம். ஒரு நதிக்கு இரண்டு மழைக்காலம் வாய்த்ததால்தான் தாமிரபரணிக் கரையில் இரண்டு போகம் நெல் விளைந்தது.

நான்காம் படி: மூன்று பாட்டில் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனை செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களைப் படுக்க வைத்து, மேல்பக்கத்தை நீளவாக்கில் ஜன்னல் மாதிரி வெட்டுங்கள். வெட்டுகிற வேலையைப் பெரியவர் செய்யட்டும். மூன்றிலும் ஒரே மண்ணை, ஒரே அளவு போட்டு லேசாக அழுத்துங்கள். முதல் பாட்டிலில் கேழ்வரகு விதைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று வாரம் வளரவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் அதே அளவு தண்ணீர் தெளித்து வாருங்கள். வேர் நன்றாகப் பிடித்த பிறகு, இரண்டாவது பாட்டிலின் மேல் காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்புங்கள். மூன்றாவதை வெறும் மண்ணாகவே விடுங்கள். மூன்றையும் வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி வைத்து, ஒவ்வொரு வாய்க்குக் கீழும் ஒரு கண்ணாடி டம்ளர். மூடியில் துளைகள் போட்ட பாட்டிலால் மூன்றிலும் ஒரே அளவு தண்ணீரை மழை மாதிரி ஊற்றுங்கள்.

மூன்றைக் கவனியுங்கள். டம்ளரில் விழும் தண்ணீரின் நிறம் என்ன? முதல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுந்தது? சொட்டுவது எப்போது நிற்கிறது? வெறும் மண் பாட்டிலில் தண்ணீர் சட்டென்று, தேநீர் நிறத்தில் வந்து சேரும், பிறகு சீக்கிரமே நின்றுவிடும். இலை மூடிய பாட்டிலிலும் வேர் பிடித்த பாட்டிலிலும் தெளிவாக, தாமதமாக, நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது காக்காச்சிக் காட்டுக்கு வருவோம். அங்கே ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கீழே திருநெல்வேலி நகரம் பெறுவது அதில் ஏறக்குறைய கால்பங்கு. வெடிப்பலா, செங்குறிஞ்சி போன்ற உயரமான மரங்கள் அடர்ந்த காடு அது. மழைத்துளி நேராகத் தரையை அடிப்பதில்லை. உச்சிக் கிளையில் பட்டுச் சிதறி, அடுத்த அடுக்கு மரத்தில் பட்டு, பாசி படர்ந்த அடிமரத்தில் வழிந்து, கடைசியில் இலைச்சருகின் மேல் மெதுவாக இறங்கும். சருகைக் கையால் விலக்கிப் பார்த்தால் மேலே காய்ந்த முழு இலைகள், அடுத்து நரம்பு மட்டும் மிச்சமான இலைகள், அதற்கும் கீழே கறுப்பாக, பொலபொலவென்று, எது இலை எது மண் என்று பிரிக்கவே முடியாத ஓர் அடுக்கு. அதற்குள் மண்புழு துளைத்த வழிகள், செத்த வேர்கள் மக்கிப்போன வெற்றுக் குழாய்கள். இந்த வழிகளில்தான் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இறங்கி, மண்ணில் தங்கி, பாறை விரிசல்களில் நுழைந்து, மெல்ல மெல்ல நகர்ந்து, பல மாதம் கழித்துக்கூட எங்கோ ஓர் ஊற்றாக வெளியே வரும்.

ஆக, சித்திரையில் ஓடையில் ஓடுவது போன ஐப்பசி, கார்த்திகை மழை. நீங்கள் முதலில் எழுதிய பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் பெரியவர்கள்கூட அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: காடு இருந்தால் ஆற்றில் தண்ணீர் கூடும் என்று. அது அவ்வளவு எளிதான கணக்கு இல்லை. மரங்களும் நிறையத் தண்ணீர் குடிக்கும், இலை வழியாக ஆவியாக வெளியேற்றும். காடு ஆற்றுக்குத் தரும் பெரிய கொடை வேறு. மழை நாளில் எல்லாம் ஒரேயடியாக ஓடிப்போகாமல் தடுப்பது, மழையில்லாத நாளுக்கும் பங்கு வைப்பது, தண்ணீரோடு மண்ணை அனுப்பாமல் பிடித்துக்கொள்வது. மேலே மண் கரைந்தால் அது கீழே அணையில்தான் வந்து படியும். மண் படிந்த அளவுக்கு அணையில் தண்ணீர் நிற்க இடம் குறையும்.

ஐந்தாம் படி: ஓடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்னவென்று இப்போது தெரியும். அப்படியானால் இதுவும் புரியும்: நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே முகட்டுப் பக்கம் கொட்டிய மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். குற்றாலத்துச் சிற்றாறும் மணிமுத்தாற்றைப் போலவே தாமிரபரணியின் கிளையாறுதான். மலை செங்குத்தாக இருப்பதால் வெள்ளம் நடந்து வராது, பாய்ந்து வரும்.

அறிகுறிகள் உண்டு. தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் திடீரென்று கூட்டமாக மிதந்து வரும். நனையாமல் இருந்த கல் நனையும். மேலிருந்து இரைச்சல் கூடும். இவற்றில் ஒன்றே ஒன்று தெரிந்தால்கூடப் போதும். செருப்பையோ பையையோ எடுக்க நிற்காதீர்கள், உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள். நாம் போகும்போதே ஒரு கல்லின் மேல் நீர்மட்டத்தில் சிறு குச்சியை நட்டோ கூழாங்கல்லை வைத்தோ அடையாளம் செய்துகொள்வது நல்ல பழக்கம். அவ்வப்போது அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மணிமுத்தாறு அருவிக்குக் கீழே ஆழமான கசம் இருக்கிறது. நீர்வரத்து கூடினால் வனத்துறையினர் குளிக்கத் தடை போடுவார்கள். தடை என்றால் தடைதான், கெஞ்சக் கூடாது. மலைச்சாலையில் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போக வனத்துறை அனுமதி வேண்டும். உள்ளே கல், இலை, பூச்சி எதையும் எடுக்கக் கூடாது. அது புலிகள் காப்பகம். 1988-இல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். புலிக்காக வேலி போட்ட மாதிரி தெரியும். ஆனால் அந்தக் காட்டுக்குள்தான் தாமிரபரணியும் அதன் கிளைகள் பலவும் பிறக்கின்றன. புலிக்கு இடம் விட்டதில் ஆறுகளுக்கும் இடம் கிடைத்தது.

அதனால் அடுத்த இரண்டு படிகளை உங்கள் ஊருக்குப் பக்கத்தில், காப்பகத்துக்கு வெளியே, முழங்கால் அளவுக்கு மேல் ஆழம் இல்லாத ஓடையிலோ வாய்க்காலிலோ செய்யுங்கள்.

ஆறாம் படி: கல்லைப் புரட்டிப் பாருங்கள்

ஓடும் தண்ணீரில் கிடக்கும் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பத்து நொடி அசையாமல் பாருங்கள். கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒட்டியிருந்த ஏதோ ஒன்று நகரும்.

வாலில் மூன்று இழைகள், வயிற்றின் இரு பக்கமும் படபடவென்று துடிக்கும் சிறு இதழ்கள். இதழ்கள்தான் அதன் செவுள்கள். அது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம் பருவம். வாலில் இரண்டே இழை, காலில் இரண்டு நகம் என்றால் பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை. மணலையோ இலைத் துணுக்குகளையோ பட்டுநூல் மாதிரி ஒன்றால் ஒட்டி, குழாய் வீடு கட்டி அதற்குள் வாழ்வது கேடிஸ்ஃப்ளை. இவை மூன்றும் இருக்கும் தண்ணீரில் பிராணவாயு நிறைய இருக்கிறது, அழுக்கு குறைவு என்று அர்த்தம். சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போவது இவைதான். அங்கே சிவப்புப் புழுக்கள்தான் மிஞ்சும். ஆய்வகம் சொல்வதை உங்களுக்கு ஒரு கல் சொல்லிவிடும். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வையுங்கள். அது பல பேரின் வீடு.

காட்டு ஓடையில் இவற்றுக்கு எங்கிருந்து சாப்பாடு? மேலே மரங்கள் மூடியிருப்பதால் வெயில் குறைவு, தண்ணீருக்குள் பாசி அதிகம் வளராது. சாப்பாடு மேலிருந்து விழுகிற இலைதான். இலையைப் பூஞ்சை ஊறவைக்கும், பூச்சி கடிக்கும், பூச்சியை மீனும் நண்டும் பிடிக்கும். வேகமான தண்ணீரில் பாறையோடு வாயால் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு மீன்கள் இந்த மலையில் உண்டு. அவற்றில் ஒன்றின் அறிவியல் பெயரே களக்காட்டின் பெயர்தான்: காரா களக்காடென்சிஸ். மீனையும் நண்டையும் தேடி நீர்நாய் வரும். நீர்நாயை நேரில் பார்ப்பது அபூர்வம். ஆனால் ஆற்று நடுவே பாறை மேல், மீன் செதிலும் நண்டு ஓட்டுத் துணுக்குமாக எச்சம் கிடந்தால் அது வந்து போயிருக்கிறது.

ஏழாம் படி: ஓடையில் எத்தனை கன அடி?

செய்தியில் 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்று சொல்வார்கள் அல்லவா? அதை நீங்களே அளக்கலாம்.

ஓடை நேராகப் போகும் இடத்தில் கரையோரமாகப் பத்து மீட்டர் நூலால் அளந்து, இரு முனையிலும் குச்சி நடுங்கள். அகலத்தை அளங்கள். ஆழத்தை ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். இப்போது மேல் குச்சிக்குச் சற்று முன்னால் ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தண்ணீரில் விடுங்கள். ஆரஞ்சு பெரும்பாலும் மூழ்கியே மிதக்கும் என்பதால் காற்று அதைத் தள்ளாது. இரண்டு குச்சிகளுக்கும் இடையே எத்தனை நொடி என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். ஒருவர் கீழே நின்று பழத்தைப் பிடித்துவிடட்டும், அப்புறம் சாப்பிட வேண்டாமா?

அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் பரப்பு 0.9 சதுர மீட்டர். பத்து மீட்டரை 20 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.45. அடியில் கற்கள் உரசுவதால் மேல்மட்டத்தைவிட அடித்தண்ணீர் மெதுவாகத்தான் போகும். அதற்காக 0.8-ஆல் பெருக்குங்கள். 0.36 கன மீட்டர், அதாவது நொடிக்கு 360 லிட்டர். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 13 கன அடி.

ஒரே இடத்தில் மாதம் ஒருமுறை அளந்து, மழைமானிக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மழை நின்று எத்தனை நாளில் ஓடை இளைக்கிறது என்று பாருங்கள். ஒரு வாரத்தில் வற்றினால் மேலே நிலம் தண்ணீரைப் பிடித்துவைக்கவில்லை என்று பொருள்.

எட்டாம் படி: மனிதர்களையும் வரைபடத்தில் சேருங்கள்

மணிமுத்தாறு அணை 1950-களில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டப்பட்டது. சுமார் ஐந்தரை டிஎம்சி தண்ணீர் கொள்ளும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. அதற்கு முன்பு வடகிழக்கு மழையில் கடலுக்குப் போன வெள்ளத்தின் ஒரு பங்கை, மழை குறைந்த நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்துக் குளங்களுக்குத் திருப்பிவிட்டது இந்த அணை. பிரதான கால்வாய் நான்கு ரீச்சாக, அதாவது நான்கு பகுதிகளாக, பிரிந்து போகிறது. பெருங்கால் என்ற பழைய வாய்க்காலும் இருக்கிறது. இவற்றைக் கீழே கோடுகளாகச் சேருங்கள்.

மேலே மாஞ்சோலையையும் குறியுங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலையில்தான் ஒரு தனியார் நிறுவனம் தேயிலைத் தோட்டம் போட்டது. காட்டை வெட்டி, தேயிலை நட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே மழையிலும் அட்டைக்கடியிலும் வேலை செய்தவர்கள் தொழிலாளர்கள். 2024-இல் தோட்ட வேலை நின்றுபோனது. தேயிலை இருந்த இடத்தில் மறுபடி காடு வந்தால் ஆற்றுக்கு நல்லதுதான். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடும் பிழைப்பும் நியாயமாகக் கிடைக்க வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதியை வரையும்போது மரங்களை மட்டும் வரைந்துவிட்டு மனிதர்களை விட்டுவிட்டால் வரைபடம் பாதிதான்.

கீழே பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். அவை கல்லிலும் வேரிலும் சுற்றிக்கொண்டு அழுகாமல் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது போனால், துணியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள்.

உங்கள் ஊர் ஆற்றுக்கு

மணிமுத்தாறு உங்களுக்குத் தூரமாக இருக்கலாம். கோவைப் பிள்ளைகளுக்கு நொய்யல் இருக்கிறது, தேனிப் பிள்ளைகளுக்கு வராகநதி, களக்காட்டுப் பிள்ளைகளுக்குப் பச்சையாறு. ஆறே இல்லாத ஊரில் ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முகடு உண்டு, மேடு லேசாக இருப்பதால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்யும்போது குடையோடு போய்த் தெருத்தண்ணீர் எந்தப் பக்கம் பிரிகிறது என்று பார்த்தால் எல்லைக்கோடு தானாகத் தெரியும்.

வரைபடத்தையும் அளவுகளையும் தேதி போட்டு ஒரே நோட்டில் வையுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டி, அவர் சின்ன வயதில் இந்த ஓடை எந்த மாதம் வரை ஓடியது என்று கேளுங்கள். சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே உங்கள் அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.